மும்பையின் மழைவெள்ளம்: பொறுமை திட்டமாகாது
(உரையின் சுருக்கம்)

அவையோர் அறிந்த காட்சிதான் இது. மழைக்காலம் தொடங்கியதும் மும்பையின் இந்துமாதா, சயான், குர்லா போன்ற தாழ்வான பகுதிகளில் நீர் தேங்குகிறது. புறநகர் ரயில்கள் நின்றுவிடுகின்றன. தொழிலாளர்கள் முழங்காலளவு நீரில் நடந்து வீடு திரும்புகின்றனர். மறுநாள் மக்களின் மனவுறுதி பாராட்டப்படுகிறது. இப்பாராட்டைக் கேட்டுக் கேட்டு மக்கள் சலிப்புற்றிருக்கின்றனர். அச்சலிப்பு நியாயமானதே. பொறுமை நற்பண்பேயன்றி, வெள்ளத் தடுப்புத் திட்டமன்று.

வெள்ளத்திற்கு மழையின் மிகுதியே காரணம் என்பது பாதி உண்மை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மாநகரில் மட்டும் 400-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய பெருமழையை எந்த நகரமும் எளிதில் தாங்காது. ஆனால், அதில் நான்கில் ஒரு பங்கு மழைக்கும் நகரம் முடங்குவதேன் என்பதே ஆராயத்தக்க வினா.

நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென அமைக்கப்பட்டவை. பெய்யும் நீரில் பாதியை மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அன்றைய கணக்கு. இன்று அந்த மண்ணைச் சிமெண்டும் தாரும் மூடியுள்ளன. மேலும், கடலில் சேரும் வடிகால் வாய்களில் மிகப் பெரும்பாலானவை உயர் ஓத மட்டத்திற்குக் கீழே உள்ளன. கடல் ஏறிய வேளையில் மழை வலுத்தால் நீர் வெளியேற வழியில்லை.

விகார், பவாய் ஏரிகளின் உபரிநீரை மாஹிம் கழிமுகத்திற்குக் கொண்டுசெல்லும் மிட்டி ஆறு சுமார் 18 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கரையோரக் குடிசைகளே நெருக்கடிக்குக் காரணம் எனக் கூறுவது எளிது. ஆனால் விமான நிலைய விரிவாக்கமும், சதுப்பு நிலத்தை மேடாக்கி எழுந்த பாந்திரா-குர்லா வணிக வளாகமும் அதே ஆற்றின் இடத்தைச் சுருக்கியவையே.

இங்கே பொருளாதாரத்தின் அடிப்படை வினா ஒன்று எழுகிறது: பயன் யாருக்கு, செலவு யாருக்கு? மேடாக்கிய நிலத்தின் விலையுயர்வு அதன் உரிமையாளரைச் சேர்கிறது. அங்கிருந்து விரட்டப்பட்ட நீரோ தாழ்வான பகுதியில் வாழ்பவரின் வீட்டில் புகுகிறது. அவர் இழக்கும் நாட்கூலியும், நனைந்து வீணாகும் அரிசியும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இடம்பெறுவதில்லை.

தாமதத்திற்கும் விலையுண்டு. 1985-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப்பின் தொடங்கிய ஆய்வு, 1993-இல் ‘பிரிம்ஸ்டோவாட்’ அறிக்கையாக நிறைவுற்றது. வடிகால்களின் திறனை மணிக்கு 50 மில்லிமீட்டராக உயர்த்த வேண்டும் என அது பரிந்துரைத்தது. அன்றைய மதிப்பீடு 616 கோடி ரூபாய். பணிகள் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றன. 2005-ஆம் ஆண்டின் பேரிழப்புக்குப் பின்னர், 2007-இல் மத்திய அரசு இத்திட்டத்தை ஏற்றபோது மதிப்பீடு சுமார் 1,200 கோடியாக உயர்ந்திருந்தது. திட்டமிட்ட எட்டு நீரேற்று நிலையங்களில் ஆறு இயங்கத் தொடங்கின. மோக்ரா, மாஹுல் நிலையங்கள் நிலம் கிடைக்காமையால் பல்லாண்டுகள் பின்தங்கின.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. இந்துமாதாவில் தேங்கும் நீரை நிலத்தடித் தொட்டிகளில் தேக்கி, கடல் வடிந்தபின் வெளியேற்றும் முறை அண்மை ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. ஓதத்தின் நேரத்தை முன்கூட்டியே கணிக்க இயலும் என்பதைப் பயன்படுத்திய ஏற்பாடு இது.

நிர்வாகம் மூன்று மாற்றங்களை மேற்கொள்ளல் வேண்டும். முதலாவதாக, தூர்வாரும் பணியை அள்ளிய வண்டலின் எடையால் மட்டும் அளவிடாமல், மழைநாளில் நீர் எத்தனை மணி நேரம் தேங்கியது என்பதாலும் அளவிடல் வேண்டும். இரண்டாவதாக, தாழ்நிலங்களை மேடாக்க அனுமதிக்குமுன், இடம்பெயரும் நீருக்கு மாற்றிடம் காட்டுவதைக் கட்டாயமாக்கல் வேண்டும். மூன்றாவதாக, வடிகால் பராமரிப்பை அவசரச் செலவாகக் கருதாது, நகரின் மூலதனத்தைக் காக்கும் செலவாக ஆண்டு முழுவதும் பேணல் வேண்டும்.

இன்றைய மாணவர்களும் இளம் அலுவலர்களும் நாளை இத்தகைய கோப்புகளில் கையொப்பமிடுவர். நிலத்தின் விலையோடு நீரின் வழியையும் அவர்கள் கணக்கில் சேர்த்தால், மும்பை மக்களின் பொறுமை ஆண்டுதோறும் சோதிக்கப்படும் நிலை மாறும்.