கை கழுவும் பழக்கமும் கேட்கும் துணிவும்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியத்துறைக்குப் போன பழைய மாணவிகள் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். நீரிழிவு பற்றியோ மார்பகப் புற்றுநோய் பற்றியோ பேசுவோம் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது வைத்தியசாலைக்குள் பரவும் தொற்று. ஒரு வருத்தத்தைத் தீர்க்க வந்த இடத்தில் இன்னொன்றை வாங்கிக்கொண்டு போகும் கதை இது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. பிறந்த வீடு போன்ற இடத்தில் அதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தோம்.

எங்கள் காலத்தில் திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு நகம் பார்ப்பார்கள். அது தொண்ணூறுகள். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் யானைவிலை விற்ற காலம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த வீடுகள் இங்கே இருக்கும் பலருடையவை. அப்படியிருந்தும் நகத்துக்குள் ஊத்தை இருந்தால் மன்னிப்பில்லை. வரிசையில் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். மாணவத் தலைவி அக்காமார் ஒவ்வொரு கையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்களுடைய கைகளை யாரும் பார்த்ததில்லை. உயர்தர வகுப்புக்கு வந்து நாங்களே மாணவத் தலைவிகளானபோது எங்கள் கைகளையும் யாரும் பார்க்கவில்லை. அது அன்று எங்களுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

பிறகு மருத்துவபீடம், உள்ளகப் பயிற்சி. பயிற்சியின்போது சிசுக்களுக்கான விசேட பராமரிப்புப் பிரிவொன்றில் சில மாதங்கள் வேலை செய்தோம். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், சிலது ஒரு கிலோ கூட இல்லாதவை. ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளுக்கு இரத்தத்தில் தொற்று ஏற்பட்டது. இரத்தப் பரிசோதனையில் மூன்றிலும் கிளெப்சியெல்லா என்ற ஒரே கிருமி வளர்ந்தது. இரண்டு பிள்ளைகள் தப்பின. ஒன்று தப்பவில்லை. அந்தத் தாய் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் எடுத்துக் கொண்டுவந்து தருவார். பிள்ளை போன பிறகு வந்த நேரத்திலும், யாரும் சொல்வதற்கு முன்பாக, கிண்ணத்தோடுதான் வந்து நின்றார்.

நுண்ணுயிரியல் பிரிவினர் வந்து கழுவுதொட்டி, இன்குபேட்டர், எங்கள் கைகள் என்று எல்லாவற்றிலும் மாதிரி எடுத்தார்கள். கடைசியில் அகப்பட்டது ஒரு சேலைன் போத்தல். கனுலா அடைபடாமல் இருக்க மருந்து ஏற்றிய பின் சிறிதளவு சேலைன் செலுத்துவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக உடைத்து எடுக்க வேண்டியதை, சிக்கனம் என்றும் அவசரம் என்றும் சொல்லி ஒரு பெரிய போத்தலிலிருந்து எல்லோருக்கும் எடுத்துக்கொண்டிருந்தோம். இழுப்பதற்கு இலகுவாக அதன் மூடியில் ஓர் ஊசியைக் குத்தியபடியே விட்டிருந்தோம். கழுவாத ஒரு கை அந்த ஊசியில் ஒருமுறை பட்டால் போதும். மிச்சத்தைப் போத்தல் பார்த்துக்கொள்ளும்.

யாருடைய கை என்று அறிய வழியிருக்கவில்லை. ஆகவே இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் 'நாங்கள்' என்றே சொல்லி வருகிறோம்.

விசாரணை முடிந்த பிறகு, அந்தப் பிரிவைத் துடைக்கும் அம்மா ஒருவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "டொக்டர், அந்தப் போத்தல் ரெண்டு நாளா ஊசியோட நிண்டதை நான் கண்டனான். டொக்டர்மாருக்கு நான் சொல்லுறதோ எண்டு விட்டிட்டன்." அவர் எங்கள் அம்மாமாரின் வயதுடையவர். அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் சொல்ல முடியாதபடி நாங்கள் இருந்திருக்கிறோம்.

இந்தத் துறையின் பழைய கதையும் இதுதான். வியன்னா பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவதில் வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவிச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1846இல் முதலாவது விடுதியில் தாய்மாரில் 11.4 வீதமானோர் இறந்தார்கள், இரண்டாவதில் 2.8 வீதம். ஊர்ப் பெண்களுக்கு இது தெரியும். முதலாவது விடுதியில் அனுமதிக்க வேண்டாம் என்று முழந்தாளிட்டுக் கெஞ்சினார்கள். படித்தவர்களுக்குக் காரணம் விளங்கவில்லை. சவங்களை அறுத்துப் பழகிய கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதுதான் காரணம் என்பதைக் கண்டுபிடித்தவர் இக்னாஸ் செம்மெல்வைஸ். 1847 மே மாத நடுப்பகுதியில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 வீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு ஜூனில் ஏறக்குறைய 2 வீதமாயிற்று. பெரிய வைத்தியர்கள் பலர் அதை ஏற்கவில்லை. கனவான்களின் கை அசுத்தமானது என்று ஒருவன் சொல்வதா என்ற கோபமும் அதில் இருந்தது. செம்மெல்வைஸும் பக்குவமாகப் பேசத் தெரிந்தவரல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1865இல் மனநோய் விடுதியொன்றில், காயத்தில் ஏற்பட்ட தொற்றினால் அவர் இறந்தார்.

அதே 1847இல்தான் டொக்டர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழில் மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவரை இங்கே நினைப்பதற்குக் காரணம் உண்டு. இன்றைக்கும் விடுதியில் துப்புரவு செய்பவருக்கு, உணவு கொண்டுவருபவருக்கு, நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவருக்கு "இதைச் செய்" என்று சொல்கிறோம். ஏன் என்று அவருக்கு விளங்கும் தமிழில் சொல்ல மினக்கெடுவதில்லை. ஏன் என்று தெரிந்தவர்தான் பிழை நடக்கும்போது வாய் திறப்பார்.

கை கழுவ வேண்டும் என்பது எந்த வைத்தியருக்குத் தெரியாது? ஜெனீவா பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் டிடியே பித்தே குழுவினர் தொண்ணூறுகளில் நின்று கவனித்துப் பார்த்தார்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய சந்தர்ப்பங்களில் 48 வீதத்தில்தான் செய்தார்கள். தாதியரை விட வைத்தியர்கள் மோசம். அவர்கள் புத்திமதி சொல்வதோடு நிற்காமல், அற்ககோல் கலந்த திரவத்தை ஒவ்வொரு கட்டிலருகிலும் வைத்தார்கள். எண்ணிப் பார்த்து முடிவுகளை அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் 48 வீதம் 66 ஆனது. வைத்தியசாலையில் தொற்றிய நோய்கள் 16.9 வீதத்திலிருந்து 9.9க்கு இறங்கின. கழுவுதொட்டிக்கு நடந்துபோய் வர நேரமில்லை என்பது உண்மைதான். ஒரு தாதி முப்பது பேரைப் பார்க்கும் விடுதியில் அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து சந்தர்ப்பங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுவதற்கு முன், ஊசி, கனுலா போன்ற சுத்தமான வேலைகளுக்கு முன், இரத்தம், சலம் போன்றவை பட வாய்ப்புள்ள வேலையின் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசை போன்றவற்றைத் தொட்ட பின். கடைசியைத்தான் அதிகம் மறக்கிறோம். அற்ககோல் திரவமென்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கையில் ஊத்தை தெரிந்தாலும், சிலவகை வயிற்றோட்டக் கிருமிகளுக்கும் அது போதாது. சவர்க்காரமும் தண்ணீரும்தான் வேண்டும். கையுறை கை கழுவுவதற்கு ஈடல்ல. கொவிட்டுக்குப் பிறகு ஒரே சோடிக் கையுறையோடு நோயாளியைத் தொட்டு, கொப்பியில் எழுதி, போனும் எடுப்பவர்களைக் காண்கிறோம். அந்தக் கையுறை அவரைக் காக்கிறதோ என்னவோ, அடுத்த கட்டிலைக் காக்காது. மோதிரமும் காப்பும் வேலைநேரத்தில் வீட்டில் இருக்கட்டும் என்று நாங்கள் சொன்னால் எங்கள் மாமிமாருக்குப் பிடிப்பதில்லை. அது வேறு கதை.

இன்று நாங்கள் பொறுப்பாயிருக்கும் விடுதிகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புதிதாக வரும் எவரிடமும், துப்புரவுப் பணியாளர் உட்பட, முதல் நாளே சொல்வோம்: "நாங்கள் கை கழுவாமல் பிள்ளையைத் தொடப் போனால் மறித்துச் சொல்லுங்கோ. கோவிக்க மாட்டம்." முதல் மாதம் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் ஒரு தங்கச்சி மெதுவாக, "டொக்டர், கை..." என்பார். அப்போது உள்ளுக்குள் ஒரு சுருக்கென்ற கோபம் வரத்தான் செய்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வருகிறது. அதை முகத்தில் காட்டாமல் போய்க் கழுவிவிட்டு, "நன்றி தங்கச்சி" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வது எங்களுக்கு இன்னும் பயிற்சியாகவே இருக்கிறது.

உங்களிடமும் கேட்பது அதுதான். நோயாளி பார்க்க வரும்போது கட்டிலில் இருக்காதீர்கள். தடிமன் இருந்தால் பிறந்த பிள்ளையைப் பார்க்க வராதீர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும். உங்கள் அம்மாவுக்கு ஊசி போட வரும் எங்களிடம், "பிள்ளை, கை கழுவிட்டீங்களோ?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கற்பித்த ரீச்சர்மார் கேட்டால் இன்னும் நல்லது. உங்களுக்கு முன்னால் எங்களால் பொய் சொல்ல முடியாது.

மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். மண்டபத்துக்குப் பின்னால் நாங்கள் வரிசையில் நின்ற அதே குழாயடிதான். சவர்க்காரம் வைத்திருக்கிறதா என்று காலையிலேயே போய்ப் பார்த்தோம். இருக்கவில்லை. இப்போது மூன்று கட்டி வைத்திருக்கிறது.