பெருவயிறு மறைக்கத்தக்க நோயன்று



சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும் ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் தம் நூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். இருவரும் சமணச் சான்றோர். ஆகாரம், அபயம், சாத்திரம் என்பவற்றோடு ஔடதத்தையும் தானமாக வைத்துப் போற்றியது சமண நெறி. பிறர் பிணிக்கு மருந்தீயும் குடும்பங்களில் தம் பிணியை மறைக்கும் வழக்கமும் இருப்பது வருந்தத்தக்கது. அவ்வாறு மறைக்கப்படுவனவற்றுள் ஒன்று வயிற்று வீக்கம்.

முன்னோர் மகோதரம் என்று அழைத்த நோயில் வயிற்றறைக்குள் நீர் தேங்குகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகுவதே அதற்குப் பெரும்பான்மைக் காரணம். இறுகிய கல்லீரலுக்குள் குடலிலிருந்து வரும் குருதி எளிதிற் புக இயலாது அழுத்தம் மிகுகிறது. சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வெளியேற்றாது தேக்குகின்றன. குருதியில் ஆல்புமின் என்னும் புரதமும் குறைய, நீர் கசிந்து வயிற்றை நிறைக்கிறது.

கல்லீரல் நோய் என்றதும் ஊரார் கள்ளையே நினைப்பர். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. மதுவை நீக்குதலை மூலகுணமாகக் கொண்ட இல்லத்தில், வாழ்நாளெல்லாம் அதைத் தீண்டாத முதியவர்க்கு வயிறு பெருத்தால், பழிக்கு அஞ்சி மேலாடையைத் தழையவிட்டு மறைக்கின்றனர். நீரிழிவும் உடற்பருமனும் உடையாரிற் பலருக்குக் கல்லீரலிற் கொழுப்பு படிகிறது. சிலருக்கு அதுவே ஆண்டுகள் கழிந்து தழும்பாக முற்றுகிறது. ஹெப்படைடிஸ் பி, சி வைரஸ்களும் அவ்வாறே கெடுக்கும். நெய்யும் இனிப்பும் புலால் அல்ல என்பது உண்மையே. அளவு மீறினால் கல்லீரல் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

காசநோய், இதயத் தளர்ச்சி, சிறுநீரக நோய் ஆகியவையும் வயிற்றில் நீர் சேர்க்கும். முதிய ஆடவர்க்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைபட்டால் அடிவயிறு மட்டும் புடைக்கும்.

தாய்மார்கள் இதனைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். சில வாரங்களாக நாள்தோறும் உப்பிசம், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை சூலகப் புற்றுநோயின் குறிகளாகவும் இருக்கலாம். இவற்றை 'வாயு' என்றோ, நோன்பினாற் பசி குன்றியது என்றோ கருதி ஓமநீர் பருகி மாதங்களைப் போக்குதல் தகாது. பெரும்பாலார்க்கு அது வெறும் வாயுவாகவே முடியும். எனினும் அதை உறுதிசெய்ய மருத்துவரை அணுகி ஸ்கேன் தேவையா எனக் கேட்டறிவதே முறை.

நீரை ஊசியால் எடுத்தால் உயிர் போகும் என்னும் அச்சம் பலரிடம் உண்டு. சிறிதளவு நீரை எடுத்து ஆய்ந்தாலே அது கல்லீரலால் வந்ததா, காசநோயால் வந்ததா, புற்றுநோயால் வந்ததா என்று பிரித்தறியப் பெரிதும் துணையாகும். காசநோயாயின் மருந்தாலேயே குணமாகும்.

வீக்கத்தோடு கடும் வலியும் வாந்தியும் தோன்றி மலமும் வாயுவும் பிரியாதிருந்தாலும், காய்ச்சலோ, கருநிற மலமோ, மனத்தடுமாற்றமோ கண்டாலும், விடியும்வரை காத்திராது அவ்விரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். நீர் பிரிய மாத்திரை உண்போர் உபவாசம் மேற்கொள்ளுமுன் மருத்துவரிடம் கேட்டு, அவர் கூறும் அளவினையே கொள்வாராக.