மக்கள் வாய்ச்சொல்லும் மாணவர் ஆய்வும்

(கூடங்குளத்தில் தமிழாய்வு மாணவரிடையே நிகழ்த்திய பொழிவின் எழுத்துவடிவம்)



மொழி, இலக்கியம், பண்பாடு ஆகியவற்றில் மாணவர் எவ்வாறு ஆய்வு செய்ய வேண்டும் என்பதுபற்றிப் பேசுமாறு கேட்டிருக்கின்றீர்கள். நான் இதைச் சாவக நாட்டிலிருந்து தொடங்க எண்ணுகின்றேன். கூடங்குளத்தில் நின்றுகொண்டு கடல்கடந்த நாட்டைப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அந்நாடு நமக்குப் புதியதன்று. மணிமேகலையில் ஆபுத்திரன் கலமேறிப் போக முற்பட்டதும், மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு உயிர்நீத்தபின் மறுபிறப்பில் அரசனாய் ஆண்டதும் இந்தச் சாவகமே. உலகப்படத்தில் சாவா என்று எழுதப்படுகின்ற தீவை நம் முன்னோர் அப்பெயரால் அழைத்தனர். அங்குள்ளார் கப்பலை இன்றும் 'கபல்' என்கின்றனர். பெட்டியைப் 'பெத்தி' என்கின்றனர். படையலுக்கு அப்பம் சுட்டு, அதனை 'அபெம்' என்கின்றனர். நம் வணிகன் விட்டுவந்த சொற்கள் அவை.

சாவக மொழி பேசுவோர் தொகை ஏறத்தாழத் தமிழ் பேசுவோர் தொகைக்கு ஒப்பானது. ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இலக்கியம் அதற்கு உண்டு. ஆயினும் அது ஒரு நாட்டின் ஆட்சிமொழியன்று. 1945-இல் இந்தோனேசியா விடுதலை பெற்றபோது, மலாய் மொழியின் வழிவந்த இந்தோனேசிய மொழியே ஆட்சிமொழியாயிற்று. அவ்வளவு பெரிய மக்கட்கூட்டம், தன் மொழியை வீட்டிலும் தெருவிலும் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் வேறொன்றைப் பேசுகின்றது. இந்த நிலைமையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சாவக மொழியை முறையாக ஆராயும் வேலையைத் தொடங்கி வைத்தவர் ஒல்லாந்தர். 1832-இல் சுராகர்த்தாவில் சாவக மொழிக்கென ஒரு கல்விக்கூடம் நிறுவினர். மொழிமேல் கொண்ட காதலால் அன்று. அம்மக்களை ஆள்வதற்கு அலுவலர் தேவைப்பட்டனர். நம்மிடத்தும் அவ்வாறே நடந்தது. 1812-இல் சென்னைக் கோட்டைக் கல்லூரி தோன்றியதும் கும்பினி அலுவலர்க்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்கவே. அக்கல்லூரியின் எல்லிசர்தாம் 1816-இல் தென்மொழிகள் தனிக்குடும்பம் என்று நிறுவிக் காட்டினார். ஆள வந்தவன் கற்ற கல்வியால் ஆளப்பட்டவனுக்கும் ஒரு பயன் விளைந்தது. அதற்காக அவன் நோக்கத்தை மறந்துவிடல் ஆகாது.

ஆளப்பட்ட கூட்டத்திலிருந்தே ஒரு மாணவர் எழுந்தார். புர்பசரகா என்பது அவர் பெயர். 1884-இல் சுராகர்த்தாவில் பிறந்தவர். உயர்பள்ளிப் படிப்புப் படித்தவரல்லர். அரண்மனைச் சூழலில் வளர்ந்து, பழஞ்சுவடிகளைத் தாமே முயன்று கற்றார். பழம்பாட்டுகளுக்குப் பெரியவர்கள் சொல்லிவந்த பொருள் பிழையெனத் தோன்றினால் தயங்காமல் பிழையென்றார். இத்தகையவர் ஒல்லாந்து நாட்டு இலெய்டன் பல்கலைக்கழகம் சென்று, 1926-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் யாதென்று கேட்டால் வியப்பீர்கள். தீவுக்கூட்டத்தில் அகத்தியர்! நம் தண்பொருநை பிறக்கின்ற பொதியமலைக்கு உரியவராகச் சொல்லப்படும் அதே அகத்தியர். சாவகத்தில் கி.பி. 760-ஆம் ஆண்டினதாகிய தினாயாக் கல்வெட்டு, பழைய மரப் படிமத்துக்கு மாற்றாக அகத்தியருக்குக் கருங்கற் படிமம் எடுத்ததைக் கூறுகின்றது. பிரம்பானன் சிவன்கோயிலின் தென்புற மாடத்தில் நிற்பவரும் அவரே. தமிழை அகத்தியர் படைத்தார் என்னும் கதையை நாம் ஏற்பதில்லை. தொல்காப்பியத்துள் அகத்தியர் பெயர்தானும் இல்லை. ஆனால், கதை பொய்யென்று ஒதுக்குவதோடு ஆய்வாளன் வேலை முடிந்துவிடுமா? அக்கதையை யார் கொண்டுபோனார், எவ்வழி போயிற்று, போன இடத்தில் ஏன் வேர்கொண்டது என்று கேட்பதன்றோ ஆய்வு? அந்த முனையிலிருந்து ஒரு சாவக மாணவர் நூறாண்டுக்கு முன் கேட்டார். இந்த முனையாகிய பொதியத்திலிருந்து சாவக மொழி கற்று அவ்வினாவைத் தொடர்ந்தவர், நான் அறிந்த மாணவருள் ஒருவரும் இலர்.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டத்துக்குரிய நூலை அவர் ஒல்லாந்தர் மொழியில் எழுதினார், வேறு வழியில்லை. ஆனால் 1952-இல் தம் மக்களுக்கெனச் சாவக இலக்கிய வரலாறு எழுதியபோது, அதனைச் சாவக மொழியிலேயே எழுதினார்.

இனி நம் கொள்கைக்கு நெருங்கிய இடத்துக்கு வருகின்றேன். யோக்யகர்த்தாவில் வாழ்ந்த சூட்முல்டர் என்னும் கிறித்தவத் துறவி, வாழ்நாள் உழைப்பாகப் பழஞ்சாவக அகரமுதலி ஒன்றைத் தொகுத்து 1982-இல் வெளியிட்டார். அதிலுள்ள இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களில் ஏறத்தாழப் பாதி சமற்கிருத வழியின! இதைக் கேட்டவுடன், சாவகனுக்குச் சொந்தச் சொல் பாதிதான் இருந்தது போலும் என்று எண்ணத் தோன்றும். அப்படி முடிவு கட்டியவர்களும் உண்டு.

அது பிழையான முடிவு. அவ்வகரமுதலி எவற்றிலிருந்து தொகுக்கப்பட்டது? அரண்மனைப் புலவர் பாட்டுகளிலிருந்தும் சமய நூல்களிலிருந்தும். அரசவையில் பாடுவோன் அரசவைக்குப் பிடித்த சொல்லை அள்ளிக் கொட்டினான். அதே நாளில் வயலில் நாற்று நட்டவள் என்ன சொல்லால் பேசினாள் என்பதை எவரும் ஓலையில் எழுதவில்லை. ஆகவே அப்பாதிக் கணக்கு புலவன் எழுத்தின் கணக்கேயன்றி மக்கள் மொழியின் கணக்கன்று. இன்றும் சாவக உழவனைக் கேளுங்கள். கதிரில் இருக்கும்போது 'பரி', உமி நீக்கியபின் 'பெராசு', வெந்தபின் 'செகோ' என்பான். நெல், அரிசி, சோறு என்று நாம் மூன்றாகப் பகுப்பதுபோலவே அவனும் பகுக்கின்றான். ஆங்கிலேயனுக்கு இம்மூன்றுக்கும் ஒரே சொல்தான். நெல்லோடு வாழ்ந்தவனுக்கே மூன்று சொல் வேண்டியிருந்தது.

நம் மணிப்பவளக் காலத்து உரைநூல்களை மட்டும் வைத்து ஒருவன் தமிழ்ச்சொற்களை எண்ணியிருந்தால், தமிழுக்கும் இதே கணக்குத்தான் கிடைத்திருக்கும். நம்மைக் காத்தவை இரண்டு: கழக இலக்கியமும் கல்லாதவன் வாயும். முதலாவதைப்பற்றி நாம் மேடைதோறும் பேசுகின்றோம். இரண்டாவதைப்பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

எழுத்துப்பற்றியும் ஒரு சொல். சாவக மொழிக்குப் பல்லவர் எழுத்தின் வழிவந்த அழகிய தனியெழுத்து உண்டு. இருபதாம் நூற்றாண்டில் உரோம எழுத்து அதன் இடத்தைக் கைப்பற்றிவிட்டது. அதனால் இன்று சாவக இலக்கியம் படிக்கப் பல்கலைக்கழகம் புகும் மாணவன், தன் பாட்டன் கைப்பட எழுதிய சுவடியைப் படிப்பதற்கு அந்த எழுத்தைப் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. நம் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தால் தட்டி அனுப்புவதைக் கண்டு, இதிலென்ன கேடு என்பார்க்கு நான் சாவகத்தைக் காட்டுவதுண்டு.

இப்போது நம் இராதாபுரம் வட்டத்துக்குத் திரும்புவோம். 1841-இல் இடையன்குடிக்கு வந்து குடியேறிய கால்டுவெலார், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அந்நூலுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் அவரே 1849-இல் இம்மண்ணின் பனைத்தொழிலாளரைப்பற்றி எழுதிய சிறுநூல் அம்மக்களைப் பெரிதும் புண்படுத்தியது. மொழியை ஆராய்ந்தபோது உயர்ந்து நின்றவர், மக்களை எழுதியபோது மேலிருந்து நோக்கிவிட்டார். மக்களிடம் செல்லும் மாணவன் இரண்டையும் சேர்த்தே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அடுத்து, அண்மையிலுள்ள வடக்கன்குளம். ஈழத்திற் பிறந்து, உரோமையில் சமயக்கல்வி முடித்து, பல ஐரோப்பிய மொழிகள் கற்றுவந்த இளந்துறவி ஒருவர், 1940-களின் தொடக்கத்தில் அவ்வூர்ப் பள்ளியில் பணியாற்றினார். அங்குதான் தமிழிலக்கியம் தமக்குப் போதிய அளவு தெரியாதென்பதை உணர்ந்து, பள்ளித் தமிழாசிரியர் ஒருவரிடம் பாடங்கேட்கத் தொடங்கினார். 1945-இல், முப்பது அகவை கடந்தபின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்தார். கழகப் பாட்டில் இயற்கை என்பதை ஆய்வுப்பொருளாகக் கொண்டார். அவரே தனிநாயக அடிகள். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்றவர். பனை தெரியும் வடக்கன்குளத்தில் தமிழ் கற்றவர் பின்னர்த் திணையை ஆராய்ந்தது வியப்பன்று என்பது என் எண்ணம்.

பாளையங்கோட்டை நா. வானமாமலையாரையும் சொல்லாமல் விடல் முறையன்று. பொதுவுடைமையாளர், நம் கொள்கையோடு பலவற்றில் முரண்பட்டவர். அதனால் என்ன? தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே, நெல்லை ஆய்வுக்குழுவை அமைத்து, இளைஞரைக் கொண்டு ஊர்ப்பாடல்களையும் கதைப்பாடல்களையும் திரட்டினார். 1969-இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். பல்கலைக்கழகங்கள் வில்லுப்பாட்டைத் தீண்டத் தயங்கிய நாளில் அதனை ஆய்வுப்பொருளாக்கியவர் அவர். கரிசல் வட்டாரச் சொற்களைக் கி. இராசநாராயணன் அகரமுதலியாக்கி 1982-இல் தந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். பாவாணர் நிலைமை வேறு. தமிழின் தொன்மை குமரிநாட்டினது என்று அவர் எழுதிப் பட்டத்துக்கு விடுத்த இடுநூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் தள்ளிற்று. பட்டம் கிட்டவில்லை, ஆய்வு நின்றதா?

இன்றைய நிலையைச் சொல்கின்றேன். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் பனைத்தொழிற் சொற்களைத் தொகுக்க விரும்பினார். அவருடைய நெறியாளர், ஊரூராய் அலைந்தால் உரிய காலத்தில் பட்டம் வாராது, ஏதேனும் ஒரு புதினத்தை எடுத்துக்கொண்டு கதைமாந்தர் படைப்பு என்று எழுதிவிடு என்றாராம். மாணவரும் அவ்வாறே எழுதிப் பட்டம் பெற்றார். அவரைக் குறை சொல்லேன், வயிறு உண்டு. ஆனால் அன்று அவர் கண்டு பேசியிருக்க வேண்டிய முதியவர்களில் பலர் இன்றில்லை. புதினம் நூலகத்தில் அப்படியே இருக்கின்றது.

அச்சொற்களால் பயனென்ன என்பார்க்கு ஒரு சான்று. நன்னூலார் மாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் 'நெய்யரி' ஒன்று. அது பன்னாடை என்பர். பனைமட்டையின் அடியைச் சுற்றியிருக்கும் வலைபோன்ற பகுதியே பன்னாடை. நெய்யை அதில் வடித்தால் நல்ல நெய் ஒழுகிப்போக, கசடு மட்டும் அதில் தங்கும். நல்லதை விட்டு அல்லதைப் பிடித்துக்கொள்ளும் மாணாக்கன் அதற்கு ஒப்பாவான். நகரத்து மாணவன் பன்னாடை என்பதை வசைச்சொல்லாக மட்டும் அறிவான். ஏன் வசையாயிற்று என்பதை அறியான். பனையேறியின் பேரன் ஒரு நொடியில் விளக்கிவிடுவான். இலக்கணநூலுக்கு உரை பனங்காட்டில் இருக்கின்றது.

வடலி, பாளை, இடுக்கி, மிருக்குத்தடி, அருவாப்பெட்டி, கலயம், விடிலி, தவண் — இவற்றில் எத்தனைக்கு உங்களால் பொருள் சொல்ல முடியும்? விடிலி என்பது பதனீர் காய்ச்சும் குடில். தவண் என்பது முளைவிட்ட பனங்கொட்டைக்குள் விளையும் வெண்பருப்பு. கடற்கரைக்குச் செல்லுங்கள். இடிந்தகரை, பெருமணல், கூத்தங்குழி, உவரி எங்கும் வாடையும் கொண்டலும் இன்றும் உயிருள்ள சொற்கள்; கழகப் பாட்டின் காற்றுப்பெயர்களைப் பரதவர் அகரமுதலியைப் பார்த்துக் கற்கவில்லை. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரு நேர்கோட்டில் வைத்துக் கடலில் தாம் நிற்கும் இடத்தை அறிவதைத் தென்கரையோர் கணியம் என்கின்றனர். கணித்தலும் கணியனும் பிறந்த வேர் அது. இப்போது செயற்கைக்கோட் கருவி படகிலேயே இடத்தைக் காட்டிவிடுகின்றது. கருவி வரட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் கணியம் பார்த்த கடைசித் தலைமுறை இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றது. இவ்வூரின் அணுவுலையையே பாருங்கள். அதன் பெயரிலுள்ள உலை, கொல்லன் பட்டறையிலும் சோறாக்கும் அடுப்பிலும் வழங்கிய சொல். புதிய பொறிக்குப் பெயர் வேண்டியபோது கொல்லனும் அடுக்களையுமே தந்தனர்.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்துமாறு 2022-இல் பல்கலைக்கழக நல்கைக்குழு விதித்துவிட்டது. ஓராண்டில் ஓர் ஊரை எடுத்து ஆராய ஏற்ற சிறிய படிப்பு அது. ஆகவே முனைவர் பட்டத்துக்குக் காத்திராமல், முதுகலை படிக்கும்போதே தொடங்குங்கள். நெறியாளர் ஒப்பாவிடின், ஆய்வேட்டுக்கு வேறொரு தலைப்பைக் கொடுத்துவிட்டு, இதனைத் தனியே செய்யுங்கள். ஆய்வேட்டைத் தமிழில் எழுதுங்கள். புர்பசரகாவுக்கு 1926-இல் இல்லாத வாய்ப்பு உங்களுக்கு உண்டு.

முறை எளிது. ஒரு சொல்லுக்கு ஒரு தாள். சொல்லை அவர்கள் பலுக்குகின்றபடியே எழுதுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள். அவர் சொன்ன முழுத்தொடரையும் எழுதுங்கள். தனிச்சொல் பாதிப் பொருளைத்தான் தரும். சொன்னவரின் ஊர், அகவை, தொழில் வேண்டும். கருவியாயின் படம் வரைந்து அளவு குறியுங்கள். பெண்களைத் தவறாமல் கேளுங்கள். பனை ஏறுவோர் ஆடவர், பதனீர் காய்ச்சுவோர் பெரும்பாலும் பெண்டிர். விடிலிக்குள் வழங்கும் சொற்கள் அவர்களிடமே உள்ளன. பிறமொழிச் சொல் வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். தூய்மை நம் எழுத்துக்கு வேண்டுவது. பிறர் வாய்ச்சொல்லைக் குறிக்கும்போது வேண்டுவது உண்மை. இதை நம் தோழர் சிலர் ஒப்பமாட்டார்; நான் ஒப்புகின்றேன்.

பதனீர்ப் பருவம் தொடங்கிவிட்டால் அவர்களுக்குப் பேச நேரமிராது. விடியுமுன் ஏறுவர். உச்சிவேளைக்குப் பின் விடிலி ஓயும்போது செல்லுங்கள். உங்களில் எவரேனும் இவ்வேலையை ஏற்பதாயின், கூட்டம் முடிந்தபின் என்னிடம் ஊர்ப்பெயரைச் சொல்லிச் செல்லுங்கள். ஒரே ஊருக்கு இருவர் போக வேண்டா.