தேர்வுக்கு எந்தப் புத்தகம்?

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் நம் முன்னோர் இம்மலையில் விசுவாசத்தை வளர்த்த வரலாற்றைப் பலர் பேசுவார்கள். எனக்குத் தந்திருப்பது சிறிய தலைப்பு: தேர்வு எழுதும் பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை வாங்கிப் படிப்பது? ஆனால் இது சிறிய காரியம் அன்று. காப்பித் தோட்டத்துக் கூலியில் மிச்சம் பிடித்துத் தாய் கொடுக்கும் பணத்தோடு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக் கடைவீதிக்குப் போகிறான் பிள்ளை. தவறான புத்தகத்தோடு திரும்பினால் பணம் மட்டுமா போகிறது? அவன் வாழ்நாளில் ஓர் ஆண்டும் அதோடு போகிறது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் உவமையாகச் சொன்னதை நாம் அறிவோம். தேர்வுக்கும் அதுவே முறை. புத்தகக் கடைக்குப் போகுமுன் உட்கார்ந்து பார்க்க வேண்டியது பாடத்திட்டம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது.

நம் பிள்ளைகள் பலர் எழுதும் குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புத் தகுதி போதும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் முதலிய பதவிகளுக்கு உரியது. 2024ஆம் ஆண்டு அறிவிப்பில் வனக்காப்பாளர், வனக்காவலர் பதவிகளும் இதனோடு சேர்ந்தன. மலையில் பிறந்தவர்களுக்கு இது நல்ல வாசல். மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றில் 100 வினாக்கள், அதாவது 150 மதிப்பெண்கள், தமிழுக்கு உரியவை. பொது அறிவுக்கு 75 வினாக்கள், திறனறிவுக்கு 25. தமிழில் 60 மதிப்பெண் பெறாவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

இந்தக் கணக்கை அறியாத பிள்ளை என்ன செய்கிறான்? கனமான பொது அறிவுக் களஞ்சியம் ஒன்றையும், நடப்பு நிகழ்வுகள் என்று மாதந்தோறும் வரும் இதழ்களையும் வாங்கி அடுக்குகிறான். பாதி மதிப்பெண்ணுக்கு உரிய தமிழுக்கு அவனிடம் ஒரு புத்தகமும் இல்லை! நம் ஏற்காடு ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பேர்போன ஊர். மான்ட்போர்ட் பள்ளி 1917லேயே தொடங்கியது. ஆங்கில வழியில் படித்த நம் பிள்ளைகள் இதைக் கருத்தாய்க் கேட்க வேண்டும். முன்பு பொதுத் தமிழ் அல்லது பொது ஆங்கிலம் என்று தெரிந்தெடுக்க இடமிருந்தது. 2021 டிசம்பரில் வந்த அரசாணை தமிழைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே அண்ணன் எழுதிய காலத்துக் கையேட்டைத் தம்பி அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. எந்தப் புத்தகமானாலும் முதலில் அது அச்சான ஆண்டைப் பாருங்கள்.

சரி, எதைப் படிப்பது? முதலிடம் அரசின் பள்ளிப் பாடநூல்களுக்கே. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ், வரலாறு, புவியியல், குடிமையியல், அறிவியல், கணக்கு ஆகியவையே அடிப்படை. 2018லும் 2019லும் இப்பாடநூல்கள் புதிதாக எழுதப்பட்டன. அவற்றை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். படித்து முடித்த பிள்ளைகளின் வீடுகளிலும் கிடைக்கும். விலையில்லாதது என்பதற்காக மதிப்பில்லாதது என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டாமிடம் பழைய வினாத்தாள்களுக்கு. அவற்றையும் விடைகளையும் தேர்வாணையமே வெளியிடுகிறது. படித்தது மனத்தில் நின்றதா என்று பார்க்க மட்டுமல்ல, புத்தகத்தை எடைபோடவும் இவை உதவும். கடைக்குப் போகும்போது ஒரு வினாத்தாளைக் கையோடு கொண்டுபோங்கள். 20 வினாக்களைக் குறித்துக்கொண்டு, கடைக்காரர் காட்டும் புத்தகத்தில் எத்தனைக்கு விடை இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அட்டையின் பளபளப்பும், உள்ளே அச்சிட்ட வெற்றியாளர் படங்களும் சொல்லாத உண்மையை அந்த 20 வினாக்கள் சொல்லிவிடும்.

மூன்றாமிடமே கையேடுகளுக்கு. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திறனறிவுக் கணக்குகளில் பயிற்சி பெற ஒரு நல்ல கையேடு துணை செய்யும். ஆனால் ஒரு செய்தியைக் கவனியுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் தற்காலிக விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது, பாடநூல்களையும் தரமான மூல நூல்களையுமே சான்றாக ஏற்கிறது, கையேடுகளை ஏற்பதில்லை. வழக்கில் சாட்சி சொல்லத் தகாதவரை வழிகாட்டியாக மட்டும் நம்பிப் புறப்படலாமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பங்கின் இளைஞர்கள் திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய ஒரு நிறுவனம் 1984 முதல் நடத்திவரும் தேர்வு அது. அந்நிறுவனமே வெளியிடும் வழிகாட்டி நூலின் ஆறாம் பதிப்பு 2017இல் 49 செயல்முறைகளை விளக்கியது. 2021இல் வந்த ஏழாம் பதிப்பு 12 கோட்பாடுகளை முன்வைத்து, நூலின் அமைப்பையே மாற்றிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழம்புத்தகக் கடையில் வாங்கினால் என்ன ஆகும்? அதைவிட முக்கியம், தேர்வில் எது வரும் என்பதை வரையறுப்பது அந்த நூல் அன்று. நிறுவனம் தனியே வெளியிடும் தேர்வு உள்ளடக்கப் பட்டியல்தான். ஊர் எதுவானாலும் ஒழுங்கு ஒன்றே: முதலில் பாடத்திட்டம், பிறகு மூலநூல், அதன்பின் பயிற்சி வினாக்கள், கடைசியில் கையேடு.

இன்னொன்று. புத்தகம் பெருகப் பெருகப் படிப்புக் குறையும். ஐந்து கையேடுகளை ஒருமுறை புரட்டுவதிலும், ஒரு பாடநூலை ஐந்து முறை படிப்பது மேல்.

தேர்வு எழுதுவோரின் பாதுகாவலரான கூப்பர்த்தீனோ நகர்ப் புனித சூசையப்பரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பிரான்சிஸ்கு சபைத் துறவி. அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்த ஒரே பகுதியையே தேர்வில் ஆயர் கேட்டாராம்! அவருடைய மன்றாட்டை நாமும் கேட்போம். ஆனால் அவரும் அந்த ஒரு பகுதியையாவது பழுதறப் படித்திருந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

முடிவாகப் பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். யூபிலி நினைவாக நம் பங்கு மன்றத்தில் ஓர் அலமாரி வைப்போம். ஆறு முதல் பத்து வரையுள்ள பாடநூல்கள் இரண்டு தொகுதி, அச்சிட்ட பாடத்திட்டம், பழைய வினாத்தாள்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். படித்து முடித்த வீட்டார் புத்தகங்களை எடைக்குப் போடாமல் இங்கே தாருங்கள். சேலம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டு. அதன் அறிவிப்புகளை ஞாயிறு திருப்பலிக்குப் பின் படித்துச் சொல்ல ஒருவர் முன்வரட்டும். எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் அந்த அலமாரி திறந்திருக்கட்டும்.

நம் பிள்ளைகளின் உழைப்பை இறைவன் ஆசீர்வதிப்பாராக.