காசநோய்க் கிருமியின் அடையாளம்
(வால்பாறையில் தோட்டத் தொழிலாளர்களிடையே பேசியது)



இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தச் சோதனை என்பதை யாரும் நமக்கு விளக்குவதில்லை. லைன் வீட்டில் ஒரே அறையில் குடும்பமே படுத்துறங்கும் நாம்தான் அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1882-ல் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். பிறகு நூறாண்டுக்கும் மேலாக ஏழைக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே சோதனைதான். சளியைக் கண்ணாடியில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமி இருந்தால்தான் கண்ணில் படும். குறைந்தால், "ஒன்றுமில்லை, வேலைக்குப் போ" என்பதே பதில். கண்ணில் பட்டாலும் அது எந்த மருந்துக்கு மடியும் என்று தெரியாது. அதை அறியக் கிருமியை வளர்க்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோயாளி வீட்டில் இருமிக்கொண்டிருப்பார்.

இந்தக் கிருமியின் மரபணு ஏறக்குறைய 44 லட்சம் எழுத்துள்ள ஒரு ஏடு. அதை 1998-ல் முழுவதும் படித்து முடித்தார்கள். அதில் ஐ.எஸ். 6110 என்றொரு துண்டு, தாவித் தாவிப் பல இடங்களில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை இடம், எந்தெந்த இடம் என்பது கிருமிக்குக் கிருமி வேறுபடும். ஆட்டுக் காதில் வெட்டிய அடையாளம் போல இதை வைத்து, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று துப்புத் துலக்கலாம். 1993-ல் உலகம் முழுவதற்கும் இதையே பொது முறையாக வகுத்தார்கள்.

ஆனால் நம் சீமைக் கிருமி அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை! சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களில் சோதித்தார்கள். இங்குள்ள கிருமிகள் பலவற்றில் அந்தத் துண்டு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. சிலவற்றில் அறவே இல்லை. எல்லா ஆட்டுக் காதிலும் ஒரே வெட்டு இருந்தால் எது யாருடையது? அந்த ஒரு குறியை மட்டும் நம்பிய சோதனை நம் நோயாளிகள் சிலரைத் தவறவிட்டிருக்கும். ஆகவே வேறு குறிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. இதே நிலையம்தான், மலைவாச ஆஸ்பத்திரிக்குப் போகாமல் குடிசையிலேயே மருந்து தின்றாலும் நோய் தீரும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது.

குறிகளை வைத்துப் பிரித்தால், தென்னாட்டில் ஒரு வம்சக் கிருமியும் வடநாட்டில் இன்னொரு வம்சமும் மிகுதி. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த தோழர்கள் நம்மோடு கொழுந்து பறிக்கிறார்கள். லைனில் ஒருவர் இருமினால் "வடக்கத்தியான் கொண்டுவந்தான்" என்று பேச்சு கிளம்புகிறது. சோதித்துப் பார்க்காமல் சொல்வது வெறும் வம்பு. காற்றோட்டமில்லாத அறையில் எந்த வம்சக் கிருமியும் பரவும்.

இனி, நாம் கேட்டுப் பெற வேண்டிய சோதனை. ரிஃபாம்பிசின் முக்கியமான மருந்து. அதை எதிர்க்கும் கிருமிகளில் நூற்றுக்கு 95-ல் மாற்றம் இருப்பது ஒரு மரபணுவின் 81 எழுத்துக்குள்தான். சி.பி.நாட் இயந்திரம் அந்த எழுத்துக்களைப் படித்து, கிருமி உண்டா, மருந்துக்கு மடியுமா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். மில்லிக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே போதும். உலக சுகாதார நிறுவனம் இதை 2010-ல் ஏற்றது. கோவாவில் செய்யும் ட்ரூநாட் பாட்டரியில் ஓடும். அது 2020-ல் ஏற்கப்பட்டது. கரண்டு போகும் மலைக்கு அது பொருத்தம்.

இதற்கும் எல்லை உண்டு. ஐசோனியாசிட் மருந்தை எதிர்க்கும் குறி வேறு மரபணுக்களில் இருக்கிறது. அதற்குத் தனிச் சோதனை கேட்க வேண்டும். செத்த கிருமியின் எழுத்தையும் இயந்திரம் படித்துவிடும். அதனால் குணமாகி வருகிறாரா என்று பார்க்க இது உதவாது.

ஆஸ்பத்திரியில் சளி கொடுக்கும்போது, "மைக்ராஸ்கோப்பா, நாட் சோதனையா?" என்று கேளுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இது இலவசம். பொள்ளாச்சிக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியது சளிப் புட்டி. இருமுகிற தொழிலாளி அல்ல. சளி கொடுக்கப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்பதை அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கையில் எழுதிச் சேர்ப்போம்.