வடசேரியின் கோயில் நகைகள்



நாஞ்சில் நாடு என்றவுடன் நெல்வயலும் வாழைத் தோட்டமும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், நாகர்கோவிலின் ஒரு பகுதியாகிய வடசேரியில், தெய்வத் திருமேனிகளுக்கு அணிகலன் செய்யும் தொழிலொன்று பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. சுசீந்திரம் முதலிய பெருங்கோயில்கள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் அது வேரூன்றியது வியப்பன்று.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறைக்குச் சென்றிருந்தேன். பட்டறை என்றதும் பெரிய கட்டடத்தை எண்ணிவிட வேண்டா. வீட்டின் முன்னறைதான் அது. வெள்ளித் தகட்டை வெட்டி, கல் அமர வேண்டிய இடங்களில் சிறு சிறு அறைகளாகச் சுவரெழுப்பிப் பற்றவைக்கிறார். அறைகளில் அரக்கை இளக்கி நிரப்பி, சூடு ஆறுமுன் கல்லைப் பதிக்கிறார். பின்னர் மெல்லிய தங்க ரேக்கைக் கல்லின் விளிம்பைச் சுற்றி வைத்து, முனை மழுங்கிய கருவியால் அழுத்தித் தேய்க்கிறார். முடிந்தபின் பார்ப்போர் முழுப் பொன் என்றே கொள்வர். முற்காலத்தில் மாணிக்கமும் மரகதமும் பதித்த இடத்தில் இன்று பெரும்பாலும் செயற்கைக் கெம்புக் கற்களே அமர்கின்றன. வண்ணக் கண்ணாடியே கல்லாக நிற்பதும் உண்டு. கல் மாறினும் கைவேலை மாறவில்லை.

கோயிலுக்குரிய இவ்வணிகள் நடன அரங்கிற்கும் உரியவாயின. ருக்மிணி தேவி 1935-இல் சென்னையில் மேடையேறியதும், 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியதும் நாம் அறிந்தவையே. பரதநாட்டியம் பரவப் பரவ, தலைச்சாமானுக்கும் அட்டிகைக்கும் மாங்காய் மாலைக்கும் ஒட்டியாணத்திற்கும் தேவை பெருகிற்று. ஆடுபவர் தலையில் வலப்புறம் சூரியனும் இடப்புறம் சந்திரனும் விளங்க வேண்டுமன்றோ!

தேவை பெருகியதும் போலியும் பெருகிற்று. அச்சில் வார்த்து முலாம் பூசிய நகைகள் கோயில் நகை என்ற பெயரிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் பதிவு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது உண்மை, கூலிக்கு வரவில்லை.

என் மாணவரின் மகன் பொறியியல் கற்று வெளியூர் சென்றுவிட்டான். அலங்கார வடிவமைப்புப் பயின்ற மகளே இப்போது தந்தையின் அருகில் அமர்கிறாள். நடுப்பதக்கம் தனியே கழன்று வருமாறும், எடை குறையுமாறும் ஓர் அட்டிகை வரைந்திருக்கிறாள். அன்னமும் கிளியும் பழைய வடிவிலேயே இருக்கின்றன. தந்தைக்கு வடிவில் குறையில்லை.

"எடை குறைஞ்சா கூலியும் குறையுமே, சார்!" என்றார் அவர்.

அங்கேதான் சிக்கல். வியாபாரிகள் கூலியை எடைக்கே கணக்கிடுகின்றனர். நுண்மை கூடி எடை குறைந்தால், அதிகம் உழைத்தவன் குறைவாகப் பெறுவான். கல்லின் எண்ணிக்கைக்குக் கூலி கேட்க வேண்டும் என்கிறாள் மகள். கேட்டால் வியாபாரிகள் வேறு பட்டறைக்குப் போய்விடுவர் என்பது தந்தையின் அச்சம். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. எனினும் என் மனம் மகளின் பக்கமே சாய்கிறது. கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு அது தவிர்க்க இயலாதது.

சென்னையிலுள்ள நடன ஆசிரியை ஒருவர் முதல் மூன்று அட்டிகைகளுக்குக் கல் கணக்கிலேயே கூலி தர இசைந்திருக்கிறார். வியாபாரிகளிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.