கடையிலும் கோவிலிலும் ஒரே சொல்



கடையில் நின்று, "அரைக் கிலோ சர்க்கரை வேண்டும்" என்கிறோம். கோவிலில் முழந்தாளிட்டு வேண்டிக்கொள்கிறோம். வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் போய் வேண்டுதலை நிறைவேற்றுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்!

'வேண்டு' என்றால் விரும்பு என்று பொருள். இரந்து கேள் என்றும் பொருள். 'வேண்டும்' என்றால் தேவை. நம் உறவு மொழிகளிலும் இச்சொல் வாழ்கிறது. மலையாளத்தில் 'வேணம்' தேவையைச் சொல்கிறது. கன்னடத்தின் 'பேடு', தெலுங்கின் 'வேடு' இரண்டும் இரந்து கேட்பதைச் சொல்கின்றன. தேவை, விருப்பம், மன்றாட்டு ஆகிய மூன்றும் ஒரே வேரின் கிளைகள்.

ஆனால் நம் வாழ்வில் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா?

மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரே கேள்வியை இரு முறை கேட்கிறார்: தம்மிடம் என்ன வேண்டும் என்று. முதலில் செபதேயுவின் மக்களிடம். அவர்கள் கேட்டது வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கை. அதைக் கேட்டு மற்றப் பத்துப் பேரும் கோபம் கொண்டார்கள். அங்கே விருப்பம் இருந்தது, மன்றாட்டும் இருந்தது, தேவை இல்லை.

பிறகு எரிகோவில், பார்வையற்ற பர்த்திமேயுவிடம் அதே கேள்வி. அவருக்கு வேண்டியது பார்வை. தேவையும் விருப்பமும் மன்றாட்டும் அவருடைய குரலில் ஒன்றாயின. கூட்டம் அவரை அதட்டியது. இயேசுவோ நின்று, அவரை அழைத்தார். பார்வை பெற்றவர் வீட்டுக்குப் போகவில்லை. இயேசுவின் வழியே நடந்தார்.

எனவே, கேட்பதற்கு நாம் வெட்கப்பட வேண்டாம். பிள்ளையின் காய்ச்சலுக்காக அழும் தாயும், வேலை தேடி அலையும் இளைஞரும் தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் "நீர் இதைத் தந்தால் நான் அதைத் தருவேன்" என்று பேரம் பேசுவது வேண்டுதல் ஆகாது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும் தம் விருப்பத்தை மறைக்காமல் சொன்னார். சொன்னபின் தந்தையின் விருப்பத்துக்கே தம்மைக் கையளித்தார்.

இன்றிரவு குடும்பச் செபத்துக்கு முன் நம்மையே கேட்டுப் பார்ப்போம்: நாம் வேண்டுவது நமக்குத் தேவையா? அது கிடைத்தால் யாருடைய இடம் பறிபோகும்? கிடைத்தபின் நாம் யார் பின்னே நடப்போம்?

வேண்டும் முன்னரே நம் தேவையை அறிந்திருக்கும் தந்தை நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.